எதிர்த் தொட்டில்

நடந்தது 1957ஆம் வருஷம், தை மாதம் மூன்றாம் தேதி. புதுக்கோட்டையில். பட்டப்பகலில் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சுடுகாடு கிடையாது. புளியமரம் கிடையாது. என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஜனங்கள் அப்பளமும் கரும்பும் தின்றுகொண்டிருந்தார்கள். நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் துணுக்குகளுக்குப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. தனியாக ராட்டினம் ஏறும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

நான் நாகராசு. அன்னவாசலில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். எங்கள் வீட்டில் ஆத்தா, நான், என் தம்பி அழகுமலை. எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா காலமாகிப் பல வருஷம். அழகு எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். இரண்டாவது ரிசல்ட் வந்த மறுநாள் காலை, உள்ளங்கையில் பல்பொடியைக் கொட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அவ்வளவுதான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. கிணற்றில் ஆள் இறக்கினோம். கண்மாயில் வலை போட்டோம். போலீஸில் எழுதி வைத்தோம். ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஆத்தா முதலில் அழுதாள். அப்புறம் கோயில் கோயிலாக நடந்தாள். அப்புறம் ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டாள். சமைப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். எனக்கு இலை போடுவாள். வாய் மட்டும் திறக்க மாட்டாள். டாக்டரிடம் காட்டினேன். "தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. பையன் வந்து நின்னா தானாப் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆக, எனக்கு உலகத்தில் அந்த ஒரு வேலைதான். அழகுவைக் கூட்டிவர வேண்டும். ஆத்தா பேச வேண்டும்.

அழுகை, கோபம் எல்லாம் எனக்கும் எப்போதோ தீர்ந்து போயிருந்தன. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே... அப்படித்தான் இருந்தேன். கிள்ளினாலும் தெரியாது.

மாட்டுப் பொங்கலன்று சாயந்தரம் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அக்கா ஓடி வந்தாள். புதுக்கோட்டை எக்ஸிபிஷன் பார்த்துவிட்டு வந்து, புடவைகூட மாற்றவில்லை.

"வாத்தியாரே, மரணக் கிணறு இருக்குல்ல, மோட்டார் சைக்கிள் விடுவாங்களே... அந்த வாசல்ல மணி அடிக்கிற பய அசப்புல நம்ம அழகுதான். அதே சுருட்டை முடி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான்!"

"பார்த்துட்டு?"

"நாக்கைத் துருத்துனான்."

"அழகு அப்படிச் செய்ய மாட்டானே, அக்கா."

"நாடகக் கம்பெனி, சர்க்கஸ் கம்பெனின்னு சேர்ந்துட்டா எல்லாம் செய்வாங்க. போய்ப் பாருங்களேன், காலா தேஞ்சிரும்?"

அடுப்படிக் கதவில் ஆத்தா நின்றுகொண்டிருந்தாள். கையில் அகப்பை. என்னையே பார்த்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் ஏறிவிட்டேன்.

அன்று கரிநாள். எங்கள் பக்கம் அன்று நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள், ஊர் சுற்றத்தான் போவார்கள். ஊருக்கு வெளியே இருந்த பெரிய பொட்டலில் எக்ஸிபிஷன். வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள். கொட்டகை கொட்டகையாகப் போட்டு ஒரு ஊரையே எழுப்பியிருந்தான் கம்பெனிக்காரன். நடுவில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய ராட்டினம். எட்டுத் தொட்டில். எண்ணெய் எஞ்சினில் சுற்றுவது.

வாசலில் டிக்கெட் கிழிப்பவன் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "மத்தவங்க?"

"நான் மட்டும்தான்."

"கரிநாளும் அதுவுமா ஒத்தையாவா வந்தீங்க?" என்று சிரித்தான்.

அன்று பூராவும் இதே கேள்விதான். ஒத்தையாவா? ஒத்தையாவா?

நேராக மரணக் கிணற்றுக்குப் போனேன். மேடையில் ஒரு பையன் மணி அடித்துக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. சுருட்டை முடி. அதே கழுத்து. என் நெஞ்சு ஒரு அடி அடித்தது, ஏழு மாதத்துக்குப் பிறகு.

"அழகு!"

திரும்பினான். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வேறு யாரோ.

"உன் பேரும் அழகுதானா?"

"இல்லிங்க, நான் ராமு. விருதுநகர்ப் பக்கம்."

"நேத்து ஒரு அம்மா கூப்பிட்டதுக்குத் திரும்பினியாமே?"

"கூட்டத்துல ஒருத்தங்க அழகுன்னு கூப்பிட்டா நான் திரும்பாம இருப்பேனா சார்? இந்த மூஞ்சிக்கு வேற யாரு அப்படிச் சொல்லப் போறா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம்.

அப்போதே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். கதவில் நின்ற ஆத்தாவின் முகம் விடவில்லை. இவன் இல்லாவிட்டால் இன்னொரு கொட்டகையில் இருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். வெறுங்கையோடு போக மனம் இல்லை.

ஒரு கொட்டகை பாக்கி வைக்கவில்லை. தலை மட்டும் மேசையில் இருந்து பேசும் பெண்ணைப் பார்த்தேன். "ஐயா தேடுறது கெடைக்கும், மேல பாருங்க" என்றது தலை. எல்லாருக்கும் அதையேதான் சொன்னது. கடல்கன்னி பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் போனேன். ஒரு கண்ணாடியில் நான் பனைமரம், ஒரு கண்ணாடியில் பானை. அட்டை ஏரோப்பிளேனில் உட்கார வைத்துப் போட்டோ பிடிக்கும் கடையில், உள்ளே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ஆள் வெளியே வரும்வரை காத்திருந்து முகம் பார்த்தேன். வளையம் எறிதல், வெடித் துப்பாக்கி, ஐஸ் வண்டி, பாத்திரம் கழுவுகிற இடம்... எல்லாப் பையன்களின் முகத்தையும் பார்த்தேன். இத்தனை வேடிக்கையையும் பார்த்தேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. யாரோ ஒருவன் என் காலை வாங்கிக்கொண்டு நடப்பது போல இருந்தது.

சாயந்தரம் மைக் கொட்டகை கண்ணில் பட்டது. காணாமல் போன பிள்ளைகளை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற இடம். நாலைந்து குழந்தைகள் மூக்கொழுக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தன. மைக்காரர் கதர் துண்டு போட்ட ஒரு பெரியவர்.

"யாரைத் தொலைச்சீங்க? ஆணா, பெண்ணா?"

"தம்பி. பேரு அழகுமலை. அன்னவாசல்."

"வயசு?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது வயசு மாட்டையா தொலைச்சீங்க? அவன் ஒங்களைத் தொலைச்சிருப்பான் சார்! எந்தக் கொட்டகைகிட்ட விட்டீங்க?"

"வீட்டுல. ஏழு மாசமாச்சு."

அவர் சிரிப்பு நின்றது. மைக்கை எடுத்தார்.

"அன்னவாசல் அழகுமலை... அன்னவாசல் அழகுமலை... எங்கே இருந்தாலும் உடனே ராட்டினத்துக்கு வரவும். உங்கள் அண்ணன் அங்கே காத்திருக்கிறார்."

திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசித் தடவை சொல்லி முடித்து மைக்கை மூடினார்.

மூடிய பிறகும் கேட்டது.

ரொம்பத் தூரத்திலிருந்து. மெதுவாக. "...அழகுமலை... ராட்டினத்துக்கு வரவும்..." மலைக்குள் நின்று கூப்பிட்டால் குரல் திரும்பி வருமே, அந்த மாதிரி.

"அங்கிட்டு ஒரு ஸ்பீக்கர் இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டு?" என்றார் பெரியவர். தெற்குப் பக்கம் காட்டினேன். காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு, "அங்கிட்டு வெறும் பொட்டல்தானே சார், ஒண்ணும் கட்டலையே" என்றார். அவர் முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

ராட்டினத்தடியில் போய் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். யார் யாரோ வந்தார்கள், ஏறினார்கள், கத்தினார்கள், இறங்கினார்கள். அழகு வரவில்லை.

அப்போதுதான் தோன்றியது. உச்சிக்குப் போனால் பொட்டல் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு தலையாகப் பார்க்கலாம். ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மரணக் கிணற்றில் மணி அடித்தார்கள். பெண் ஒருத்தி மோட்டார் சைக்கிள் விடப் போகிறாள் என்று மைக்கில் கத்தினார்கள். கூட்டம் முழுக்க அங்கே ஓடியது. ராட்டினம் காலி.

ராட்டினத்துக்கு இரண்டு ஆள். எஞ்சின் பக்கம் ஆவுடையப்பன், முறுக்கு மீசை. மறுபக்கம் தொட்டிலைப் பிடித்து நிறுத்தும் ராக்கன், வாயில் எப்போதும் பீடி. நடுவில் எஞ்சின் சத்தம். ஒருவர் சொல்வது ஒருவருக்குப் பாதிதான் கேட்கும்.

"ஒத்தை ஆளா? ஏத்த மாட்டோம் வாத்தியாரே," என்றான் ஆவுடையப்பன். சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தே என் உத்தியோகத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏன்?"

"இது தராசு மாதிரிங்க. இங்கிட்டு ஒரு ஆள் ஏறுனா எதிர்த் தொட்டில்லயும் அதே கனத்துக்கு ஆள் இருக்கணும். இல்லேன்னா கனமான பக்கம் குபீர்னு கீழ வந்துரும். எங்க கை எலும்பு போயிரும். அந்தக் கூட்டம் வரட்டும், சோடி சேர்த்து விடுறேன்."

"எனக்கு பஸ் போயிரும். ஒரு ஆளைத் தேடணும். தயவு பண்ணுங்க."

என் முகத்தில் என்ன பார்த்தானோ. "சரி, ஏறுங்க. எதிர்த் தொட்டில்ல மணல் மூட்டை போட்டுக்கிறேன். ஆனா நான் சொல்லாம எறங்கப்படாது, ஆமா" என்றான்.

ஏறினேன். குறுக்குச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான். எதிர்த் தொட்டில் கீழே வருவதற்காக என்னை மேலே தள்ளினான். தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு தள்ளத் தயாரானவன், சட்டென்று தடுமாறினான்.

கனமே இல்லை. ராட்டினம் பஞ்சு மாதிரி சுற்றியது.

நான் உச்சிக்கு வந்தேன். நின்றது. ஆடாமல், அசையாமல் நின்றது.

"என்னடா ராக்கா, அதுக்குள்ள போட்டாச்சா?" என்று கீழே ஆவுடையப்பன் கத்தினான்.

"ஆச்சு, ஆச்சு!" என்றது ராக்கனின் குரல்.

எஞ்சின் உறுமியது.

முதல் சுற்றில் நான் கீழேதான் பார்த்தேன். தலைகள், தலைகள். மரணக் கிணற்றைச் சுற்றி எறும்பு மாதிரி ஜனம். அந்தப் பக்கம் புதுக்கோட்டையின் குளங்கள், வெயில் பட்டுத் தகரம் மாதிரி மின்னின. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. தை மாத வெயில் சாயும் நேரம்.

கீழே ஒரு பெண்பிள்ளை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"எவன்டா மேலேர்ந்து தண்ணிய ஊத்துறவன்? பிள்ளை தலையெல்லாம் நனைஞ்சு போச்சு!"

தண்ணீரா?

இரண்டாவது சுற்றில் எதிரே பார்த்தேன்.

உங்களுக்குப் புரிய வேண்டும். ராட்டினத்தில் எதிர்த் தொட்டில்காரனை நீங்கள் சந்திக்கவே முடியாது. நீங்கள் மேலே போகும்போது அவன் கீழே. அவன் மேலே வரும்போது நீங்கள் கீழே. சுற்றின் பாதியில், இரண்டு பேரும் ஒரே உயரத்துக்கு வரும் ஒரு நொடி... அப்போது மட்டும் நேருக்கு நேர்.

அந்த ஒரு நொடியில் பார்த்தேன்.

மணல் மூட்டை இல்லை. ஆள்.

குனிந்து உட்கார்ந்திருந்தான். பழுப்புக் கம்பளிச் சட்டை. புதுக்கோட்டை வெயிலில் கம்பளிச் சட்டை!

கீழே போனேன். மேலே வந்தேன்.

மறுபடியும் எதிரே. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுருட்டை முடி.

கீழே. மேலே.

எதிரே.

அவன் தலையைத் தூக்கினான்.

அழகு.

என் தம்பி அழகுமலை.

இளைத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அழவில்லை. எனக்கும் ஒன்றும் வரவில்லை. ஏழு மாதம் தேடினவனைப் பார்த்தால் என்னென்னவோ வரவேண்டும். மரத்துப் போன உதட்டால் பேசுவது மாதிரி...

"அழகு!"

என் குரல் எஞ்சினில் கரைந்தது. அவன் வாயும் அசைந்தது. சத்தம் இல்லை.

கீழே. மேலே.

எதிரே வந்தபோது கையால் கீழே காட்டினான். இறங்கட்டுமா என்று கேட்கிறான். இன்னொரு கை சங்கிலிக் கொக்கியில் இருந்தது.

எனக்குப் பயம் வந்தது. பேய்ப் பயம் இல்லை. அவன் கீழே இறங்கும்போது நான் உச்சியில் இருப்பேன். மறுபடியும் ஓடிவிடுவான். இந்தக் கூட்டத்தில் விட்டால் அப்புறம் எங்கே பிடிப்பது? ஆத்தாவிடம் என்ன சொல்வது?

எதிரே வந்தான்.

உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன். இரு. இறங்காதே. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நான் வர்றேன்.

பார்த்தான்.

தலையை ஆட்டினான்.

கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

எஞ்சின் சத்தம் குறைந்தது. சுற்று மெதுவானது. என் தொட்டில் தரைக்கு வந்து நின்றது. அப்படியென்றால் அவன் இப்போது உச்சியில்.

முதலில் நான் இறங்கி நின்றுகொண்டால் போதும். அவன் தொட்டில் கீழே வந்ததும் கையைப் பிடித்துவிடலாம்.

ஆவுடையப்பன் எஞ்சின் பக்கம் குனிந்திருந்தான்.

"இருங்க வாத்தியாரே, எறங்கிராதீங்க..."

சங்கிலியைக் கழற்றினேன்.

குதித்தேன்.

கிறீச்...

இரும்பு அலறியது. என் தொட்டில் எம்பி மேலே பறந்தது. ராட்டினம் தலைகீழாக ஒரு வீச்சு வீசியது. "பிடிடா! பிடிடா!" என்று ஆவுடையப்பன் கத்தினான். இரண்டு பேரும் தொங்கினார்கள். உச்சித் தொட்டில் சரேலென்று இறங்கி, என் முகத்துக்கு நேரே வந்து, ஆடி ஆடி நின்றது.

காலி.

சங்கிலி மாட்டினபடி இருந்தது.

உட்காரும் பலகை ஈரம். தொட்டேன். பனி மாதிரி குளிர்.

"யோவ், படிச்ச மனுசன்தானே நீ!" என்று ஆவுடையப்பன் என்மேல் பாய்ந்தான். பாதியில் நின்று தொட்டிலைப் பார்த்தான். "ராக்கா... மூட்டை எங்கடா?"

"எந்த மூட்டை?"

"எதிர்த் தொட்டில்ல போட்ட மூட்டை!"

"நான் எங்க போட்டேன்? வாத்தியாரை ஏத்தியாச்சான்னு நீ கேட்டதா நெனச்சுல்ல ஆச்சுன்னேன்!"

"நான் கேட்டது மூட்டையைடா!"

"எஞ்சின் சத்தத்துல என்ன எழவு கேக்குது?"

மணல் மூட்டை வேலியோரம் கிடந்தது. அதன்மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது.

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தான். தொட்டிலைப் பார்த்தான். குரல் இறங்கிப் போனது.

"காலியா இருந்தா... எப்படிடா சரியா நின்னுச்சு?"

பஸ் நினைப்பு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தே முக்கால்.

பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். வாசலில் ஆத்தா. என் முகத்தைப் பார்த்தாள். என் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அது வேற பய, ஆத்தா. விருதுநகர்க்காரன்."

உள்ளே போய் எனக்கு இலை போட்டாள்.

ராட்டினம் ஏறியதை நான் ஆத்தாவிடம் சொல்லவில்லை. சின்னப்பிள்ளையிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் எனக்குப் பித்து என்பார்கள். தம்பியையே நினைத்துக்கொண்டிருந்ததில் கண் ஏமாற்றிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். தண்ணீருக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. யோசிப்பதை விட்டுவிட்டேன்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், கையில் தகரப் பெட்டியோடு ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கறுத்து மெலிந்திருந்தான்.

"வாத்தியார் நாகராசண்ணன் வீடு இதானுங்களா? நான் முனியசாமி. மணமேல்குடிப் பக்கம். சிலோன்லேர்ந்து வாரேன். அழகு எங்கூடத்தான் இருந்தான்."

*இருந்தான்* என்ற அந்தச் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஆத்தாவின் புடவை தெரிந்தது.

"ஒரே தோணியிலதாண்ணே போனோம். கள்ளத்தோணி. போலீசுக்குப் பயந்து மலைக்கு ஏறிட்டோம். தேயிலைத் தோட்டத்துல ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலை. ஓயாத மழை, குளிர். அண்ணனுக்குக் கடுதாசி போடுவோம்டான்னு சொல்லுவேன். பாஸ் பண்ணாதவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போடுறதும்பான்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

"பொங்கலுக்குப் பக்கத்து டவுன்ல கானிவல் போட்டிருந்தாங்க. ராட்டினம், மேஜிக்கு எல்லாம். நான் கூப்பிட்டேன். வரலேன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டான். சாயந்தரமா திடுக்குனு எந்திரிச்சு உக்காந்தான். 'மைக்குல என் பேரைச் சொல்றாங்கடா'ன்னான்."

"என்னைக்கு?"

"கரிநாள்தாண்ணே. எனக்கு ஒண்ணும் கேக்கல. 'அண்ணன் ராட்டினத்துகிட்ட நிக்கிதாம்'னு சொல்லிக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கிட்டுத் தூத்தல்ல எறங்கி நடந்தான். நானும் பின்னாடியே ஓடுனேன்."

கதவுக்குப் பின்னால் புடவை அசையவில்லை.

"ராட்டினம் ஏறினான். மழை வலுத்துருச்சு. ராட்டினக்காரங்க எல்லாரையும் சோடி சோடியா எறக்கிவிட்டாங்க. இவன் முறை வந்துச்சு. எறங்க மாட்டேங்குறான். 'எதிர்த் தொட்டில்ல எங்க அண்ணன் இருக்கு. கையைக் காட்டி இருக்கச் சொல்லுது. அது வரும்'ங்குறான். நானும் பார்த்தேண்ணே. எதிர்த் தொட்டில் காலி. சொட்டச் சொட்ட நனைஞ்சு காலி."

"அப்புறம்?"

"மத்தவங்களை எறக்குறதுக்கு ராட்டினத்தைத் திருப்பவும் இவன் உச்சிக்குப் போயிட்டான். கடைசியில இவன் ஒருத்தன்தான். ஒத்தை ஆள் உச்சியில இருந்தா ராட்டினம் நிக்காதாம்ணே, கனம் கீழ வந்துருமாம். ராட்டினக்காரனே வாயைப் பிளந்துட்டு நிக்கிறான். ஆடாம அசையாம நிக்கிது. காலித் தொட்டில் கீழ, என் கண்ணுக்கு முன்னால."

முனியசாமி கையைப் பிசைந்தான்.

"திடீர்னு அந்தக் காலித் தொட்டில் ஒரு எம்பு எம்புச்சுண்ணே. உள்ளேருந்து ஒரு ஆள் எட்டிக் குதிச்சா எப்படி எம்பும், அப்படி. அம்புட்டுதான். ராட்டினம் வீசுன வீச்சுல உச்சித் தொட்டில் கழண்டு..."

கொண்டுவந்த தகரப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினான்.

"மணி என்ன இருக்கும்?" என்று கேட்டேன்.

"வாசல்ல பெரிய கடியாரம் இருந்துச்சு. அஞ்சே முக்கால்."

"சிலோன் மணியா?"

"அங்கயும் நம்ம மணிதாண்ணே."

அப்போது கதவு திறந்தது.

ஆத்தா வெளியே வந்தாள். முனியசாமியைப் பார்க்கவில்லை. என் எதிரே வந்து நின்றாள். உதடு பிரிந்தது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வாய். துருப்பிடித்த குரல்.

"நாகராசு..."

"ஆத்தா?"

"அவனை இருக்கச் சொல்லிட்டு... நீ ஏன்டா எறங்குனே?"